சங்கத்தின் நான்கு விரல்

வஸ்கிதோவின் கார் குட்டையாகித் திரும்பி வந்த மாலையில், எங்கள் சந்தின் வாசல்கள் எல்லாம் இரண்டாம் முறை பெருக்கப்பட்டன. பெருக்க ஒன்றுமில்லை. பார்க்கத்தான். காலையில் சுரபாயாவுக்குப் போகும்போது நிமிர்ந்து நின்ற பழைய கரிமுன் வண்டி, திரும்பும்போது சேற்றில் படுத்த எருமை மாதிரி தரையோடு தரையாக வந்தது. சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும், மூன்றாவதற்கு இடமில்லை. குனிந்து பார்த்தவர்களுக்கு உள்ளே செக்கச்செவேலென்று புதுச் சுருள்வில் தெரிந்தது. நான் குனியவில்லை. குனிந்தவர்கள் சொன்னார்கள்.

இரவுப் பந்தயக் கும்பலில் சேர்ந்துவிட்டான் என்றது ஒரு வாசல். இறால் அப்பளத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவனுக்கு எதற்கு இந்த ஷோக்கு என்றது இன்னொன்று. உண்மையான காரணம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது: மாமனார் வாகிமான்.

வாகிமான் வாழ்நாளெல்லாம் சுரபாயாவுக்கும் ஜகார்த்தாவுக்கும் இரவு பஸ் ஓட்டியவர். ஆள் அரிசி மூட்டை போல இருப்பார். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது காலை எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவிட்டது. மகள் ரெத்னோவின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பயிற்சி சிகிச்சைக்காக அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறார். மோட்டார் சைக்கிளில் உட்கார முடியாது. காரில் ஏற வேண்டுமென்றால் வஸ்கிதோ அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி, மடக்கி, உள்ளே திணிக்க வேண்டும்.

"மெதுவாடா மாப்ளே! நான் என்ன மூட்டையா? பேசாம டிக்கியில போட்டுக் கதவை அடிச்சிடு."

இதைக் கேட்டுக் கேட்டுத்தான் வஸ்கிதோ சுரபாயாவுக்குப் போனான். அங்கிருந்த மெக்கானிக், "எவ்ளோ எறக்கணும்? ரெண்டு விரலா, ஒரு விரலா?" என்று கேட்டான். நம் பையன்கள் காரின் உயரத்தை விரலில்தான் பேசுவார்கள்.

"எங்க மாமனாரோட பின்பக்கம் தானா சீட்டுல விழணும். அவ்ளோதான்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பிறகு வாகிமானையே நிற்க வைத்து, சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பழைய வில்லை வெட்டிக் குறைச்சா மலிவு. ஆனா வண்டி துள்ளும், பெரியவருக்கு ஆகாது. குட்டையாவே வர்ற வில்லு இருக்கு, அதைப் போட்டுக்க" என்றான். போட்டான். வாகிமான் காருக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே உட்கார்ந்து, காலைத் தரையில் இழுத்தபடியே உள்ளே கொண்டுபோனார். யாரும் தொடவில்லை. அன்று முழுக்க அவர் ஒருவரையும் திட்டவில்லை. இரண்டாவது தாக்குதல் வந்துவிட்டதோ என்று ரெத்னோவுக்குப் பயம்.

சிகிச்சை கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள்: கால் கட்டைவிரல் அசைகிறது, இந்த மாதங்களை விட்டால் கால் நடையை மறந்துவிடும். இன்னொன்றும் சொன்னாள். மூன்று முறை வராதவரின் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அடிமட்ட மருத்துவ நிலையத்தில் தொடங்கி மறுபடி வரிசை. வரிசை நகர்வதற்குள் கால் மறந்துவிடும்.

இது இப்படியிருக்க, எங்கள் சந்துச் சங்கம் அந்த வாரம்தான் ஒரு வேகத்தடையைத் திறந்துவைத்தது.

திறந்துவைத்தது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தலைவர் பாக் ஜட்மிகோவின் வீட்டு வாசலில், மஞ்சளும் கறுப்புமாக வண்ணம் பூசி, ரிப்பன் கட்டி, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துத் திறந்தார்கள். மதிப்புள்ள பெரியவரை எங்கள் ஊரில் 'பாக்' என்போம், ஐயா மாதிரி. ஜட்மிகோ ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் ஏதோ ஒன்றின் துணை ஏதோவாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று அவர் பேசியதை ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று சந்து கேட்டது.

"ஒரு சமுதாயம் எவ்ளோ வேகமாப் போகுதுங்கிறது முக்கியமில்லீங்க. எங்க நிக்குதுங்கிறதுதான் முக்கியம். நம்ம சந்து, என் வீட்டு வாசல்ல நிக்கும்!"

கைதட்டினோம். வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசி உருண்டை ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

மறுநாளே வஸ்கிதோவின் கார் அதன்மேல் ஏறும்போது வயிறு உரசியது. ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் போயிற்று. கார் அடியிலும் ஒரு தகடு பிய்ந்தது. அதை யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் சங்கத்தின் வாட்ஸாப்பில் செயலாளர் பாக் ருஸ்தமாஜி செய்தி போட்டார்: 'நமது வேகத்தடை காயமுற்றது. பொறுமை காக்கவும்.' நிர்வாகிகள் பூப்போட்ட பத்திக் சட்டையில் வந்து, நோயாளியைப் பார்க்கிற முகத்தோடு மேட்டைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து தொட்டும் பார்த்தார்.

ஞாயிறன்று கூட்டம். வஸ்கிதோ நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்கத் தயாராகவே போனான்.

"மேட்டுக்கு வாய் கிடையாது வஸ்கிதோ," என்றார் தலைவர். "அதுக்காக நாமதான் பேசணும்."

"தப்புதாங்க பாக். வேணும்னு செய்யல. எங்க மாமனாருக்குக் கால் தூக்க வராது, அதனால வண்டியை…"

"காலைப் பத்தி அப்புறம். முதல்ல மேடு."

"கால் இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்லயே இல்லீங்க," என்றார் செயலாளர்.

"அதான். இல்லாத விஷயத்தை எப்படிப் பேசறது? இப்ப என்ன தீர்மானம்னா, காயத்தை சிமெண்டால பூசறோம். அதோட, போன மரியாதை திரும்பணுமில்ல? அதனால ரெண்டு விரல் உசத்தறோம். யாருக்காவது மறுப்பு உண்டா?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் மௌனம். பெரியவர் முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வளர்க்கப்படவில்லை. தலையாட்டுவோம், வெளியே வந்து முணுமுணுப்போம். வஸ்கிதோவும் வளர்ந்த வழக்கப்படி, கைகளை மடியில் கோத்து, "சரிங்க பாக்" என்று தலையாட்டினான். தன் காரின் வயிற்றுக்கு எதிரான தீர்மானத்துக்கு முதல் தலை அவனுடையது. செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

உயர்த்திய மேட்டில் கார் உரசாமல் இருக்குமா? மறுபடி உரசியது. மறுபடி பூசினார்கள், மறுபடி மரியாதை திரும்பியது. உரச உரச மேடு உயர்ந்தது, உயர உயர உரசியது. இறைச்சி உருண்டைச் சூப்பு விற்கிற வண்டிக்காரர் அதைத் தாண்டுவதற்குள் பாதிச் சூப்பு சாலைக்குப் போயிற்று. மிச்சத்தை எங்களுக்கு விற்றார். நாங்கள் உப்புக் குறைச்சல் என்று அவரைத்தான் குறை சொன்னோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை கார் நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், வயிறு மேட்டின்மேல். உள்ளே வாகிமான்.

"மாப்ளே, பிரேக் அறுந்த பஸ்ஸை மலையிறக்கத்துல ஓட்டினவன்டா நான். அங்கெல்லாம் நிக்காத வண்டி, இந்தத் தொந்தி ஜட்மிகோ வீட்டு வாசல்ல நிக்குது பாரு!"

தலைவர் உள்ளேயிருந்து வந்தார். காரைப் பார்க்கவில்லை. "மேட்டுமேல இவ்ளோ நேரம் பாரம் வைக்கலாமா?" என்றார். தள்ளி இறக்குவதற்குள் மருத்துவமனை நேரம் போயிற்று. முதல் தடவை.

அடுத்த கூட்டத்தில்தான் விரல் வந்தது. சந்துக்குள் வரும், போகும் எந்தக் காருக்கும் சக்கரத்துக்கு மேலே நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாத கார், சந்து முனையில் குறுக்கே இறக்குகிற வாயிற்கட்டையைத் தாண்டக் கூடாது.

வஸ்கிதோ தயங்கித் தயங்கிக் கேட்டான்: "யாரோட விரலுங்க பாக்?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. சபை கலங்கிப்போனது. செயலாளர் தன் கையை விரித்துப் பார்த்தார். முருங்கைக்காய் மாதிரி விரல்கள். அவருடைய நான்கை வைத்தால் வஸ்கிதோவின் காரே கிட்டத்தட்டத் தேறிவிடும். பொருளாளர் தம் கையை நீட்டினார். அதில் ஒரு விரல் எப்போதோ அரிவாளில் போயிருந்தது. கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"விரல்ங்கிறது சொந்த உறுப்பு இல்லீங்க. பதவியில இருக்கறவன் விரல், பதவியோட விரல். நான் இந்தக் கையை வீட்டுக்குக் கொண்டுபோறேனே தவிர, இது உங்க எல்லாரோட கை. சுமைதான். சுமக்கறேன். மறுப்பு உண்டா?"

"சரிங்க பாக்," என்றான் வஸ்கிதோ. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

தலைவருக்குக் கீல்வாதம். மெலின்ஜோக் கொட்டை வறுவலைக் கண்டால் விடமாட்டார். தின்ற மறுநாள் விரல்கள் வாழைப்பழச் சீப்பாக வீங்கிவிடும். ஆகவே எங்கள் சந்தின் சட்டம், முந்தின நாள் தலைவர் வீட்டில் என்ன பொரித்தார்கள் என்பதைப் பொறுத்தது. வறுவலுக்கு மறுநாள், எதிர்வீட்டுப் பள்ளி ஆசிரியரின் புதுக்கார் தோற்றது. பத்தியத்துக்கு மறுநாள் அதே கார் தேறியது. வஸ்கிதோவின் கார் எல்லா நாளும் தோற்றது. தலைவரின் ஏழுபேர் வண்டியில் முழங்கையே நுழையும். அதை அவர் வாராவாரம் நுழைத்துக் காட்டினார்.

வாயிற்கட்டை மூடியது. வஸ்கிதோவும் ரெத்னோவும் வாகிமானை நெகிழி நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பெரிய சாலைக்குப் போனார்கள். வெயில். சந்தே பார்த்தது, நானும் பார்த்தேன், கதவிடுக்கால். மேட்டின்மேல் ஏறும்போது நாற்காலிக் கால் மடங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு நெற்றி மோதி விழுந்தது. ரத்தம் மஞ்சள் வண்ணத்தில் சொட்டியது. வாகிமான் திட்டவில்லை. மகளைப் பார்த்து, "வீட்டுக்குப் போலாம்மா," என்றார். அதுதான் ரெத்னோவுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாம் தடவை.

மாலையில் செயலாளரிடமிருந்து செய்தி: 'முன்னனுமதியின்றி நாற்காலி ஊர்வலம் நடத்தியது வருந்தத்தக்கது. வேகத்தடையிலுள்ள கறையை சம்பந்தப்பட்ட குடும்பம் கழுவவும்.'

ரெத்னோ கைப்பேசியைக் கணவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "போய்க் கழுவு. போ. 'சரிங்க பாக்'னு சொல்லிட்டே கழுவு!"

"நான் என்ன பண்ணட்டும்? தலைவர் இல்லையா…"

"அவர் தலைவர். நீ அவருக்குத் தலையாட்டி. எங்கப்பாவுக்கு யாரு?"

அவன் வாளியை எடுத்துப் போய்க் கழுவினான். நான் பார்த்தேன்.

அடுத்த முறை சனிக்கிழமை. நண்பகலுக்குள் போகவில்லையென்றால் பெயர் போய்விடும். வஸ்கிதோ முன்னதாகவே தலைவரிடம் நடையாய் நடந்து, சிறப்புப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருந்தான். காலை ஒன்பதுக்குக் காரை மேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். வாகிமான் நெற்றியில் பிளாஸ்திரியோடு, திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார். தலைவர் பத்துக்கு வந்தார். உள்ளங்கை சிவந்து, விரல்கள் பளபளவென்று வீங்கியிருந்தன.

பரிசோதனைக்கு முன்னால் வரவேற்புரை. பிறகு செயலாளரின் விளக்கவுரை. பிறகு தலைவர் பேசினார்.

"என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு சிலர் சொல்றாங்களாம். நான் கால் விஷயத்துல தலையிடல. கால் குடும்ப விவகாரம். கார் பொது விவகாரம். ரெண்டையும் கலக்கறதுதான் இந்த நாட்டோட வியாதி."

"பாக், மணி பத்தரை," என்றான் வஸ்கிதோ.

"அவசரம். அதுக்காகத்தான் மேடே கட்டினோம்."

சொல்லிவிட்டுக் குனிந்தார். முதல் விரல் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது போகாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சட்டத்தை முழுமையாக நிறைவேற்ற வேண்டுமென்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் திணித்தார். சரியாக அந்த நேரத்தில், ஒன்றரை மணி நேரமாக ஒற்றைக் காலில் நின்ற வாகிமானால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. அப்படியே பின்னால் சாய்ந்து சீட்டில் உட்கார்ந்தார். முழு உடம்போடு. குட்டை வில் தன் பங்குக்கு அமுங்கியது.

ஜட்மிகோவின் தொண்டையிலிருந்து வந்த சத்தம், அவருடைய எந்த உரையைவிடவும் தெளிவாக இருந்தது.

"எழுந்திரிய்யா! எழுந்திரி!"

"அதான் வராதே," என்றார் வாகிமான். "அது வராததுக்குத்தானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"ஜாக்கி போடுங்க!" என்றார் பொருளாளர்.

"சந்துக்குள்ள வண்டி பழுது பாக்கக் கூடாதுன்னு விதி இருக்கே," என்றார் செயலாளர் ருஸ்தமாஜி, நிஜமான கவலையோடு. "ஜாக்கி பழுதுல சேருமா சேராதான்னு கூட்டத்துலதான்…"

"ருஸ்தமாஜி! என் விரல்!"

"பதவியோட விரலுங்க பாக். அதனாலதான் யோசிக்கறேன். ஒருத்தரா முடிவெடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே…"

வாகிமான் திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "தலைவரே, வண்டி போகலாமா?"

"போகலாம்! அனுமதி குடுத்தாச்சு! போங்க!"

"அப்ப கிளம்பு மாப்ளே. கியரைப் போடு."

"ஐயோ, போகாதீங்க! போகாதீங்க! சக்கரம் சுத்தினா விரல் போயிடும்!"

"இவரு என்னடா, போகச் சொல்றாரு, போகாதேங்கிறாரு," என்றார் வாகிமான். "இத்தனை நாளும் இதைத்தான் பண்றாரு."

வஸ்கிதோதான் கடைசியில் ஓடிவந்து மாமனாரின் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கினான். கார் ஒரு விரல் உயர்ந்தது. தலைவர் கையை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். யாரோ சர்பத்துக் கொடுத்தார்கள், யாரோ விசிறினார்கள். மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"தேறல."

"பாக், இப்பத்தான் போகலாம்னு சொன்னீங்க."

"வலியில சொன்ன அனுமதி செல்லாது. அதோட இந்தக் கார் இப்ப பதவியில இருக்கற ஒருத்தரைத் தாக்கியிருக்கு. விசாரணை முடியற வரைக்கும் இங்கயே நிக்கட்டும். திங்கட்கிழமை கூடிப் பேசுவோம். மறுப்பு உண்டா வஸ்கிதோ?"

எல்லாரும் அவன் தலையைப் பார்த்தோம். அது ஆடத்தான் போகிறது என்று நானே பந்தயம் கட்டியிருப்பேன். தலை ஆடவில்லை. அவன் மாமனாரை மறுபடி மெதுவாக உட்காரவைத்தான், கதவைச் சாத்தினான். சங்கக் கொட்டகைக்குள் போனான். சாக்கடை வெட்ட வைத்திருந்த கடப்பாரையோடு வெளியே வந்தான்.

"உண்டு," என்றான்.

முதல் குத்தில் மஞ்சள் சில்லு தெறித்தது. இரண்டாவதில் அடுக்கடுக்காகப் பூசிய மரியாதை எல்லாம் தோல் தோலாகத் தெரிந்தது. அவன் எதுவும் பேசவில்லை, குத்தினான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ரெத்னோ வந்து உடைந்த கட்டிகளைக் கையால் அள்ளி ஓரத்தில் எறிந்தாள். இறைச்சி உருண்டை வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, சம்மட்டி கேட்டு வாங்கி, இத்தனை நாள் கொட்டிய சூப்பையெல்லாம் நினைத்துக்கொண்டு ஓங்கினார். ஆசிரியர் ஓர் எட்டு முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார், பிறகு மண்வெட்டியை எடுத்தார். நானும் போனேன். துடைப்பம் எப்படியும் கையில்தான் இருந்தது.

நிர்வாகிகள் தங்களுக்குள் கூடிக் குசுகுசுத்தார்கள். தடுக்க வேண்டுமென்றால் யாராவது கடப்பாரைக்குக் கிட்டே போக வேண்டும். அதற்கு ஆள் இல்லை. செயலாளர் உள்ளே ஓடினார். வரும்போது கையில் ஒரு நீளத் துணிப்பதாகை. இரண்டு பேர் விரித்துப் பிடித்தார்கள்: 'தலைவர் பாக் ஜட்மிகோ தலைமையில் மாபெரும் கூட்டுத் துப்புரவுப் பணி.'

மேடு தரைமட்டமானபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வஸ்கிதோ கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினான். சந்து முனையில் வாயிற்கட்டையை யாரோ தூக்கிவிட்டிருந்தார்கள். ஆனாலும் கார் நகரவில்லை. மேடு இருந்த இடத்தில், சந்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, சங்கம் நின்றுகொண்டிருந்தது. பதாகை பின்னால், தலைவர் நடுவில், கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி.

"அன்பான குடிமக்களே! தடைகளைத் தகர்ப்பதுங்கிறது, நான் பதவியேத்த நாள்லேருந்து என்னோட கனவு…"

"பாக், வழி," என்றான் வஸ்கிதோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

"ஒரே ஒரு படம் வஸ்கிதோ. நீயும் வந்து நில்லு. ஓரமா."

வாகிமான் மருமகனின் முழங்காலைத் தட்டினார். "மாப்ளே, இதுங்க அந்த மேட்டைவிட உசரம் ஜாஸ்தி. வயிறு உரசும். பரவால்ல, மெதுவா ஏத்து."

வஸ்கிதோ முதல் கியரைப் போட்டான். எஞ்சின் உறுமியது, சிவப்பு வில் நெளிந்தது, கார் ஒரு கை அகலம் முன்னால் வந்தது. அப்புறம் இன்னொரு கை. தலைவர் குதித்தார். செயலாளர் குதித்தார். பொருளாளர் பதாகையோடு சாக்கடைக்குள் குதித்தார். சங்கத்தில் அத்தனை பேருக்கும் கால் நன்றாகவே தூக்க வந்தது.